பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட பெண்ணின் கணக்கு

புதுச்சேரி அரசின் இலச்சினையை நாள்தோறும் பார்க்கிறோம். அரசாணையிலும் அலுவலகப் பெயர்ப்பலகையிலும் இடம்பெறும் அந்த வெண்ணிற மண்டபம், ஆயி என்ற தாசியின் பெயரால் அமைந்தது. பாரதி பூங்காவின் நடுவே அது நிற்கிறது. அதன் கதையை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள். விசயநகர மன்னர் இவ்வழியே வந்தபோது, விளக்கொளியில் பொலிந்த ஒரு மாளிகையைக் கோயில் எனக் கருதிக் கைகூப்பினாராம். அது ஒரு தாசியின் வீடு என்று தெரிந்ததும் வெகுண்டு, அதை இடித்துத் தள்ள ஆணையிட்டாராம். தன் வீட்டைத் தானே இடித்துக்கொள்ள அனுமதி கேட்ட ஆயி, அந்த இடத்தில் ஊருக்குப் பயன்படும் குளத்தை வெட்டினாள். பல காலம் கழித்து முத்திரையர்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர்கள், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக இம்மண்டபத்தை எழுப்பினார்கள்.

கதை எவ்வளவு உண்மை என்பதை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பொருளாதாரம் கற்பித்தே வயதான எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. ஒரு பெண்ணுக்கு மாளிகை சொந்தமாக இருக்கிறது. அவளுக்குக் கணவன் இல்லை. ஓர் ஆண் முகம் சுளித்த மாத்திரத்தில் அந்தச் சொத்து போய்விடுகிறது. போன பிறகுதான் அவள் ஊர் போற்றும் உத்தமி ஆகிறாள். மண்டபம் அதன் பிறகே வருகிறது.

மயிலாடுதுறையிலிருந்து அதிகத் தொலைவில்லாத மூவலூரில் இதே சிக்கலை வேறுவிதமாக வாழ்ந்து பார்த்த ஒரு பெண்மணி இருந்தார். இராமாமிர்தம் என்பது அவர் பெயர். ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்ள, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்றே தமிழ்நாடு அவரை அறியும். அரசுத் திட்டம் ஒன்றின் பெயராக அவர் நிலைத்துவிட்டதால், அவர் என்ன செய்தார் என்று கேட்பாரில்லை.

1883-ஆம் ஆண்டு திருவாரூர்ப் பகுதியில் அவர் பிறந்தார். தந்தை கிருஷ்ணசாமி, தாய் சின்னம்மாள். வறுமை தாங்காத அந்தக் குடும்பம், சிறு குழந்தையாக இருந்த அவரை மூவலூரில் ஆச்சிக்கண்ணு என்ற தாசியிடம் ஒப்படைத்தது. கைமாறாகப் பெற்றது பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும். இளம் பெண்களை விலைக்கு வாங்குவதும் விற்பதும் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டப்படி குற்றமாகியிருந்தது. 372, 373 என்ற பிரிவுகளே அதற்கு இருந்தன. ஆனால் வாங்கியவள் அதை விலை என்று சொல்வதில்லை, தத்து என்பாள். தாசிகள் பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் வழக்கத்தைச் சென்னை மாகாண நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டும் வந்தன. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அந்த ஏற்பு இல்லை.

ஆச்சிக்கண்ணுவைக் கொடியவளாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அந்த அமைப்புக்குள் ஒரு பெண்ணின் முதுமை எப்படி இருந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொட்டுக்கட்டிய பெண்ணுக்குக் கோயில் வழியே மானிய நிலம் உண்டு. அந்த நிலம் சேவையோடு கட்டப்பட்டது. சேவை செய்ய ஆள் இல்லையென்றால் நிலம் கைவிட்டுப் போகும். உடல் தளர்ந்த தாசி, தனக்குப் பின் பொட்டுக்கட்டிக்கொள்ள ஒரு சிறுமியை வீட்டில் வைத்திருந்தால்தான் அந்த வருவாயைத் தக்கவைக்க முடியும். ஓய்வூதியமும் சேமநிதியும் இல்லாத உலகில், தத்துப் பெண்தான் ஓய்வூதியம். பாட்டும் சதிரும் கற்றுக்கொடுப்பது முதலீடு. வசதியுள்ள புரவலரை அமர்த்துவது வரவு. இந்தக் கணக்கில் எங்குமே கேட்கப்படாதது அந்தச் சிறுமியின் விருப்பம் ஒன்றுதான்.

இவர்கள் எல்லோரும் ஏழைகளாகவோ அறியாதவர்களாகவோ இருக்கவில்லை. 1838-இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்து நடன மகளிர் சிலர், பிரெஞ்சுக்காரர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நம் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் பாரீசிலும் இலண்டனிலும் ஆடினார்கள். அவர்களுள் அம்மணி என்ற இளம்பெண்ணின் உருவத்தைப் பிரெஞ்சுச் சிற்பி ஒருவர் வெண்கலத்தில் வடித்தார். ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கடல் கடந்து சம்பளத்துக்கு வேலை செய்த தமிழ்ப் பெண்கள் அந்தக் காலத்தில் வேறு எந்தக் குலத்தில் இருந்தார்கள்? எழுத்தறிவு, கலைப்பயிற்சி, சொத்துரிமை ஆகிய மூன்றும் பிற பெண்களுக்கு இல்லாதிருந்தபோது இவர்களில் ஒரு பகுதியினருக்கு இருந்தன. இது மூவலூர் அம்மையாரின் வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் செய்தி.

அம்மையாருக்கு ஏறத்தாழ 17 வயதானபோது, அறுபதைக் கடந்த ஒரு செல்வரிடம் அவரைச் சேர்த்துவிட ஏற்பாடு நடந்தது. அவர் மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், தமக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையை மணந்துகொள்வதாக அறிவித்தார். புரோகிதரோ உறவினரோ கூடாத எளிய திருமணம் அது. விளக்கேற்றி, ஒருவருக்கொருவர் உறுதி சொல்லிக்கொண்டதோடு முடிந்தது. சுயமரியாதைத் திருமணம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் அப்படி ஒரு திருமணம்.

இந்த இடத்தில் இன்றைய வாசகர் சற்றுத் தயங்கக்கூடும். திருமணத்தைப் பெண்ணுக்கு விலங்கு என்று பேசுகிற தலைமுறை இது. அம்மையார் எதை விட்டு எதற்குள் போனார் என்று கேட்கலாம். இதற்கு ஒப்பான நிலையில் இருந்த வேறொரு பெண்கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களுக்குச் சட்டப்படியான திருமணம் என்பதே இல்லை. உடைமைக்கு ஏது கல்யாணம்? அவர்கள் யாரோடு வாழ்ந்தாலும், ஆண்டை நினைத்தால் அந்த இணையைப் பிரித்து விற்கலாம். குழந்தையும் ஆண்டையின் சொத்துதான். 1865-இல் அடிமைமுறை ஒழிந்ததும், பல்லாண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இணையர்கள் திரள் திரளாக வந்து தம் திருமணங்களைப் பதிவு செய்தார்கள். அதே காலத்தில் அந்நாட்டு வெள்ளையினப் பெண்கள், திருமணம் ஆனவுடன் மனைவியின் சொத்தும் கூலியும் கணவனுக்கே உரியன என்ற பழஞ்சட்டத்தை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குச் சிறையாகத் தெரிந்தது இன்னொருத்திக்குக் கதவாகத் தெரிந்தது. இருவர் பார்வையும் பிழையில்லை.

மூவலூரில் நடந்தது இரண்டாவது வகை. ஓர் ஆணைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமை, வேண்டாதவரை மறுக்கும் உரிமை, பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் பெயரைச் சொல்லும் உரிமை ஆகியவை அவர் பிறந்த நூற்றாண்டில் அவருடைய கூட்டத்துக்குக் கிடையா. அந்த மறுப்புக்குத் தண்டனையும் வந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டதாகப் பொய்வழக்கு தொடுக்கப்பட்டது. இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண் உயிரோடு இருப்பது தெரியவந்தபின் வழக்கு உடைந்தது. அந்த வழக்கில் தோற்றிருந்தால் தூக்குமேடையாகவே முடிந்திருக்கும். இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவர் வீட்டுக்குள் அடங்கவில்லை. ஊர் ஊராகச் சென்று, பொட்டுக்கட்டும் வழக்கத்தைக் கைவிடுமாறு தம் குலத்துப் பெண்களிடமும் ஆண்களிடமும் பேசத் தொடங்கினார். சுயம்பு பிள்ளையைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. மனைவி மேடையேறிப் பேசுவதை அந்நாளில் தடுக்காதிருந்த கணவர் என்ற அளவிலாவது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

அம்மையாருக்கு வந்த எதிர்ப்பு புரவலர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் அவருடைய கூந்தலை அறுத்துவிட்டதாகவும், அதன்பின் அவர் கூந்தல் வளர்க்காமல் தலைமுடியைக் குட்டையாகவே வைத்துக்கொண்டதாகவும் அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அழகுக்காகவே வளர்க்கப்பட்ட ஒரு பெண், அழகின் அடையாளத்தை அப்படியே உதறிவிட்டுப் போனது பகைவரும் எதிர்பாராதது.

1920-களில் அவர் காங்கிரசில் இருந்தார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர்களில் அவரும் ஒருவர். 1923-ஆம் ஆண்டு காக்கிநாடா மாநாட்டின்போது, கொடிக்குத் தடை என்றதும் கொடிகளையே சேர்த்துத் தைத்துப் புடவையாக உடுத்திக்கொண்டார் என்று ஒரு செய்தி உண்டு. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டுப் பெரியார் வெளியேறியபோது அம்மையாரும் வெளியேறினார். தேச விடுதலையைப் பேசிய பெரியவர்கள் பலர், கோயிலில் பெண் ஆடுவதைப் பண்பாடு என்று காத்து நின்றார்கள். அந்த விடுதலையில் தமக்கு இடம் இல்லை என்று அவர் முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை.

சட்டமன்றத்தில் இந்தப் போராட்டத்தை நடத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயாரும் தேவதாசி மரபில் பிறந்தவர்தாம். திருமணத்தில் சமமாக நடத்தப்பட வேண்டும், தம் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்து, 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை அவர் மணந்தார். ஒரே மரபின் இரு கிளைகளான இவ்விருவருள், ஒருவருக்குப் பட்டமும் பதவியும் இருந்தன. மற்றவருக்கு மேடையும் கால்நடைப் பயணமும் இருந்தன. 1927 நவம்பரில் முத்துலட்சுமி கொண்டுவந்த தீர்மானமும், 1929-இல் நிறைவேறிய சட்டத் திருத்தமும் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளன. ஆனால் 1929-ஆம் ஆண்டுத் திருத்தம் உண்மையில் என்ன செய்தது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. பொட்டுக்கட்டுவதை அது தடை செய்யவில்லை. அந்தத் தடை வருவதற்கு 1947 ஆயிற்று. மானிய நிலத்துக்கும் கோயில் சேவைக்கும் இருந்த கட்டை அது அவிழ்த்தது. நிலத்தை வைத்திருக்கும் பெண், சேவை செய்யாமலேயே, உரிய தீர்வையைச் செலுத்திவிட்டு அதைத் தன்னுடையதாக அனுபவிக்கலாம் என்றாயிற்று. நிலத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு சிறுமியை வாங்கி வளர்க்க வேண்டிய கட்டாயம் அதனால் தளர்ந்தது. எந்த முழக்கமும் செய்யாததை ஒரு வருவாய்ச் சட்டப் பிரிவு செய்தது என்பது என் கருத்து. அதே 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது.

இந்தச் சட்டங்களை எதிர்த்த தாசிகளையும் நினைக்க வேண்டும். சென்னையில் அவர்களுக்குச் சங்கம் இருந்தது. அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். அவர்களுள் தலையாயவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராசர் சமாதியைத் தம் சொந்தப் பணத்தில் எடுத்துக்கட்டிய அந்த அம்மையாரை, பெண் என்பதால் அங்கே பாடக் கூடாது என்று ஆண் வித்துவான்களின் குழுக்கள் தடுத்தன. அவர் பெண்களைக் கூட்டித் தனியே விழா நடத்திக் காட்டினார். தம் பணம், தம் படிப்பு, தம் முடிவு என்று வாழ்ந்த ஒருவரைப் பார்த்து, உம்மை விடுதலை செய்கிறோம் என்று சொன்னால் அவருக்குச் சினம் வராதா? அவர் இழப்பதற்கு உண்மையிலேயே ஏதோ இருந்தது.

அந்த இழப்பு பின்னாளில் நடந்தும்விட்டது. தாசிக் குடும்பங்களில் பெண்வழியாகச் சென்ற சொத்து, சீர்திருத்தத்துக்குப் பின் ஆண்கள் கைக்குப் பெயர்ந்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நட்டுவனார்களும் நாகசுரக் கலைஞர்களும் இசை வேளாளர் என்ற மதிப்புமிக்க பெயரில் குடும்பத் தலைவர்கள் ஆனார்கள். பெண்கள் ஆட்டத்தை விட்டார்கள்; அந்த ஆட்டம் சில ஆண்டுகளிலேயே பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீட்டுப் பெண்களின் மேடைக்குப் போய்ச் சேர்ந்தது. குடும்பப் பெண் என்ற மதிப்பைப் பெறுவதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறியதன்று.

இந்த வழக்கில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், மூவலூர் அம்மையாரின் பக்கம்தான். நாகரத்தினம்மாளைப் போல உச்சிக்குப் போனவர்கள் ஒரு சிலர். பத்து ரூபாய்க்கு மாறியவர்கள் மிகப் பலர். உச்சியில் இருப்பவரின் சுதந்திரத்துக்காக அடியில் இருப்பவர் விற்கப்படுவதை ஏற்க முடியாது. ஆயினும், நிலத்தை விடுவித்த 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போல இன்னும் நான்கு சட்டங்கள் வந்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆடல் மகளிருக்குப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை தந்திருக்க வேண்டும் என்று வருந்துகிறேன். மணமகனைத் தேடித் தருவதில் காட்டிய ஆர்வத்தைச் சீர்திருத்தக்காரர்கள் வேலை தேடித் தருவதில் காட்டவில்லை.

1936-இல் அம்மையார் ஒரு நாவல் வெளியிட்டார். தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்பது தலைப்பு. செல்வர் வீட்டு மைனர்கள் தாசி வீடுகளில் சொத்தை இழக்கும் கதையை உள்ளிருந்து பார்த்தவரின் நுணுக்கத்தோடு எழுதினார். தலைப்பைப் பார்த்தால் குற்றமெல்லாம் பெண்ணுக்கு, மதி வந்தது ஆணுக்கு என்று தோன்றும். அந்தக் குறை நாவலில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வஞ்சகத்தையும் ஒரு தொழிலாக, அதற்குரிய பயிற்சியும் சந்தையும் கொண்ட தொழிலாக அவர் விவரித்திருப்பதைப் பொருளியல் மாணவர்கள் படிக்கலாம். அந்தத் தொழிலை விட்டு வெளியேறிப் பிறரையும் வெளியேற்றும் பெண்களே கதையை நடத்திச் செல்கிறார்கள்.

மறு ஆண்டு, 1937-இல், அமெரிக்காவில் ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஒரு நாவல் வெளியிட்டார். கடவுளை நோக்கியிருந்த கண்களைப் பற்றிய தலைப்புடைய அந்நூல், இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் பாடமாக உள்ளது. அதில் வரும் பாட்டி அடிமையாகப் பிறந்தவள். ஆண்டையின் கையில் தான் பட்டது பேத்திக்கு நேரக் கூடாது என்பதற்காக, அறுபது ஏக்கர் நிலமுள்ள ஒரு வயதான விவசாயிக்குப் பேத்தியைக் கட்டிவைக்கிறாள். பாட்டியின் அகராதியில் பாதுகாப்பு என்றால் கணவனும் நிலமும். பேத்தி ஜேனிக்கு அந்த வாழ்க்கை பொறுக்கவில்லை, வெளியேறுகிறாள். இரண்டாவது கணவன் ஊர்த் தலைவனாகிறான், கடை வைக்கிறான், அவளை மேன்மையாக வைத்திருக்கிறான். ஆனால் நாலு பேர் நடுவே அவள் வாய் திறக்கக் கூடாது. அவனுடைய மறைவுக்குப் பின், தன்னைவிட இளையவனான ஒருவனைத் தானே விரும்பி மணக்கிறாள். அவனையும் இழந்து ஊர் திரும்பும்போது அவளிடம் சொந்த வீடும் வங்கியில் பணமும் இருக்கின்றன.

ஹர்ஸ்டனுக்கு மூவலூர் தெரியாது. அம்மையாருக்கு ஃபுளோரிடா தெரியாது. ஆனால் பாட்டியின் கணக்கும் ஆச்சிக்கண்ணுவின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை போலிருக்கின்றன. பேத்தியைக் கிழவருக்குக் கொடுத்த பாட்டி அன்பினால் கொடுத்தாள் என்பதுதான் அந்த நாவலின் துயரம். நம் கதையில் திருமணம் தப்பிக்கும் வழி. அந்தக் கதையில் திருமணத்திலிருந்தும் தப்பிக்க வேண்டியிருக்கிறது. அடிமைமுறை ஒழிந்து எழுபது ஆண்டுகள் ஆன பிறகு எழுதப்பட்ட நாவல் அது. கதவைத் திறந்து உள்ளே போனவர்கள், அந்த அறையின் அளவை அளந்து பார்க்க அவ்வளவு காலம் ஆயிற்று.

இதை அமெரிக்கக் கதை என்று ஒதுக்க வேண்டாம். நெல்லித்தோப்பிலும் சுற்றுப்புறத்திலும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இருக்கின்றன. 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படி சொந்தச் சமூக வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற முன்னோர்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். சாதி வழக்கத்திலிருந்து விடுதலை தேடி அந்த மூதாதையர் ஏற்ற சட்டத்தில், மனைவி கணவனுக்குக் கட்டுப்பட்டவள். பிரான்சில் திருமணமான பெண் கணவரின் ஒப்புதலின்றி வங்கிக் கணக்கு தொடங்க 1965-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமத்துவம் என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த நாட்டின் நிலை அது.

மூவலூருக்குத் திரும்புவோம். 1938-இல், இராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து, ஆகஸ்டு முதல் நாள் திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்கு ஒரு படை நடந்து புறப்பட்டது. ஏறத்தாழ நூறு ஆண்கள் கொண்ட அந்த நடைப்பயணத்தில் 55 வயதான இராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார். 42 நாள்கள் நடந்து செப்டம்பர் 11-இல் சென்னை சேர்ந்தார்கள். நவம்பர் 13-இல் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. மறைமலை அடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை வகித்தார். ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் எனத் தீர்மானித்தது அந்த மாநாடுதான். பெண்ணுக்கு ஆண் நற்சான்று கொடுத்துப் பழகிய நாட்டில், ஓர் ஆணுக்குப் பெண்கள் கூடிப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. மறுநாள் மறியலில் கைதான பெண்களில் அம்மையாரும் ஒருவர். ஆறு வாரச் சிறை.

அப்படிப் பெயர் சூட்டிய தலைவரையே அவர் பதினோராண்டுகளுக்குப் பின் விட்டு விலகினார். 1949 ஜூலையில், தம்மைவிட நாற்பது வயது இளையவரான மணியம்மையைப் பெரியார் மணந்துகொண்டார். இயக்கத்தின் சொத்துக்கும் பணிக்கும் சட்டப்படியான வாரிசு வேண்டும் என்பது பெரியார் சொன்ன காரணம். பொருந்தாத் திருமணத்தைக் கண்டித்து வளர்ந்த இயக்கத்துக்கு அந்த விளக்கம் போதவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் அண்ணாவும் தோழர்களும் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார்கள். அம்மையார் அவர்களோடு சென்றார். பெரியாரின் பெண்விடுதலைச் சிந்தனைக்கு உரையாகவே வாழ்ந்த ஒருவர் பெரியாரை விட்டுச் சென்றதற்குக் கட்சிக் காரணங்களைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பதினேழு வயதில் ஒரு முதியவரை மறுத்த பெண்ணுக்கு, அதைக் கண்டும் காணாமல் இருக்க முடிந்திருக்காது என்றே நான் எண்ணுகிறேன். மணியம்மை விரும்பியே அந்த முடிவை எடுத்தார், பிற்காலத்தில் இயக்கத்தைத் தாமே நடத்திக் காட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. இரு பெண்களும் தத்தம் முடிவை எவருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் எடுத்தார்கள்.

1956-இல் அண்ணா அம்மையாருக்கு விருது வழங்கிச் சிறப்பித்தார். 1962 ஜூன் 27-இல் அவர் மறைந்தார். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கும் திருத்தத்தை அண்ணா முதல்வராகிக் கொண்டுவந்தது 1967-இல். அதாவது, அம்மையார் விளக்கேற்றி உறுதி சொல்லி மணந்த முறையை ஒத்த திருமணங்கள் சட்டத்தின் கண்ணில் திருமணமாவதைக் காண அவர் உயிரோடு இல்லை.

1989-இல் கலைஞர் அரசு ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு நிதியுதவி அளிக்கும் திட்டத்தைத் தொடங்கி, அதற்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரைச் சூட்டியது. குறைந்தது எட்டாம் வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், பெண்களைப் பள்ளியில் தக்கவைக்க அது உதவியது. அந்த நிபந்தனையை நானும் வகுப்பறையில் நல்ல எடுத்துக்காட்டாகச் சொன்னதுண்டு. அதே ஆண்டு வேறொரு பெரிய மாற்றமும் தமிழ்நாட்டில் நடந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. நடைமுறைக்கு வந்த நாள் 1989 மார்ச் 25. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கும் இதற்கும் இடையே 60 ஆண்டுகள். ஆனால் அந்த நாளுக்கு முன்பே திருமணமான மகள்களுக்குப் பங்கு இல்லை என்று திருத்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தாலி கட்டிக்கொண்டதால் ஒருத்தி தன் தகப்பன் நிலத்தில் உரிமை இழந்தாள். அவளுடைய தங்கை, மணமாகாதிருந்ததால், உரிமை பெற்றாள். திருமணத்துக்கு உதவிய அரசே திருமணத்தைக் காரணம் காட்டிச் சொத்தை மறுத்தது. புதுச்சேரியையும் உள்ளடக்கிய 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்தான் இந்த வேறுபாட்டை நீக்கியது.

நிதியுதவித் திட்டமோ ஆட்சிகள் மாற மாற வளர்ந்தது. 2011-இல் தாலிக்கு 4 கிராம் தங்கமும், பட்டம் அல்லது பட்டயம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 25,000 ரூபாயும் என்றாயிற்று. 2016-இல் தங்கம் 8 கிராம் ஆனது. ஏழைத் தகப்பன்மாருக்கு அது பேருதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மாப்பிள்ளை அமைந்தால்தான் அந்தத் தொகை வரும். முதல் வகுப்பில் தேறிய பெண், எனக்குத் திருமணம் இப்போது வேண்டாம், மேலே படிக்கிறேன் என்று சொன்னால் அவளுக்கு ஒரு காசும் கிடையாது. வேண்டாத மாப்பிள்ளையை மறுத்த ஒருவரின் பெயரில், மாப்பிள்ளையை ஏற்பவருக்கு மட்டும் பரிசு.

2022 செப்டம்பர் 5-ஆம் நாள் அது மாறியது. திருமண நிதியுதவி, உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. புதுமைப் பெண் என்பது அதன் மக்கள் வழக்குப் பெயர். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவிக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். பணம் மாணவியின் வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. தாலித் தங்கம் போய்விட்டதே என்று வருந்தியவர்கள் அப்போது பலர். ஆயிரம் ரூபாய் பேருந்துக்கும் புத்தகத்துக்கும்தான் காணும், விலைவாசிக்கேற்ப அதை உயர்த்த வேண்டும் என்பது என் குறை. மற்றபடி, கல்லூரியில் சேர்ந்ததற்கான சான்று இருந்தால் போதும். மணமகன் பெயர், மணமகன் தொழில் என்ற கேள்விகளுக்கு அந்த விண்ணப்பத்தில் இடமில்லை.